அக்காவைக் கூப்பிடப் போனேன்

மதுரையிலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் என் மடியில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. ராஜபாளையம் தாண்டியதும் கண்டக்டர் வந்து, "பெட்டியை மேலே வைங்கம்மா, வசதியா உக்காரலாம்" என்றார். இருக்கட்டும் என்றேன். "சாப்பாடா?" என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "இல்லை, எங்க அக்கா" என்றேன். மனுஷர் அதற்குப் பிறகு தென்காசி வரைக்கும் என் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஆறு வயதுப் பிள்ளை உடுத்துகிற பட்டுப்பாவாடை ஒன்று, சட்டை ஒன்று, கையகலக் கண்ணாடி, சீப்பு, நாலு வளையல் இருந்தன. கல்யாணம் ஆகாமல் ஒரு பெண்பிள்ளை இறந்துபோனால் எங்கள் பக்கத்தில் அவள் வீட்டுக் கன்னி. அவளுக்கென்று ஒரு பெட்டி உண்டு. சுவரில் மூன்று குங்குமப் பொட்டு வைத்து, அந்த இடம் அவளுடையது என்பார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், ஆடியிலோ தையிலோ, புதுத்துணி எடுத்து வைத்துக் கும்பிடுவார்கள். போன வருஷத்துத் துணி அந்த வயதுள்ள ஏதாவது ஒரு பிள்ளைக்குப் போய்விடும். என் அக்கா காய்ச்சலில் இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. நான் அப்போது அம்மா வயிற்றில் இருந்தேன். இப்போது எனக்கு அறுபத்தொன்று. அவளுக்குப் போட்டோகூடக் கிடையாது. ஆனாலும் நாற்பது வருஷமாக அவளுக்குத் துணி தேர்ந்தெடுத்தது நான்தான்.

சின்ன வயதில் அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவளுக்குப் பட்டு, எனக்குப் பருத்தி. நான் ஏதாவது சேட்டை செய்தால் அம்மா சுவரைப் பார்த்து, "அவ இருந்தா இப்படிச் செய்வாளா?" என்பாள். செத்துப்போனவள் எப்படிச் சேட்டை செய்வாள்? அதைக் கேட்டதற்கும் அடி வாங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. வீடு மாறும்போது கன்னியை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. சுவர் முன்னால் சூடம் கொளுத்தி, பெயர் சொல்லி மூன்று தரம் வாவென்று கூப்பிட்டு, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அவள் பின்னாலேயே வருவாள். திரும்பிப் பார்த்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள். தென்காசி மரக்கடையில் சுமை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மதுரையில் வேலை கிடைத்தபோது, பலகை ஏற்றிய லாரியிலேயே சாமானையும் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். நான் மூன்று மாதக் குழந்தை, காய்ச்சல். லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாராம். அம்மா பெட்டியை எடுத்தாள், அக்காவைக் கூப்பிட மறந்துவிட்டாள்.

"நீ அழுத அழுகையில மறந்துட்டேன் பிள்ள" என்று அறுபது வருஷமும் சொன்னாள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும். ஒருநாள் போய்க் கூட்டி வருவோம் அம்மா என்பேன். டெலிபோன் ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்பேன். லீவெல்லாம் கிடைத்தது. எனக்குத்தான் போக மனசில்லை. நான் வேலையிலிருந்து நின்ற பிறகு அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. போன பங்குனியில் அவளும் போய்விட்டாள். கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "அவள மட்டும் கூப்பிட்டுக் கூட்டிட்டு வந்துரு. அங்கனயே நின்னுக்கிட்டு இருப்பா" என்பதுதான்.

அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மாவும் போன பிறகு வீட்டில் நான் மட்டும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் சுவாரசியமான கதை ஒன்றும் கிடையாது; ஆகவில்லை, அவ்வளவுதான். காலையில் ஒரு தம்ளர் காபி போட்டுவிட்டு, அடுத்த தம்ளரை எடுக்கக் கை தானாகப் போகும். நியூஸ் வாசிக்கிற பெண்ணிடம் ஒருநாள் பதில் பேசினேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அக்காவைக் கூட்டி வந்துவிட்டால் வீட்டில் ரெண்டு பேர். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆளே இல்லாத வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

அம்மா சொன்ன வீடுகள் மூன்று. "வடகரையில பிறந்தேன், குத்தாலத்துல வாக்கப்பட்டேன், தென்காசி வளவுல பிள்ள பெத்தேன்." இந்த வரிசை எனக்கு மனப்பாடம். அக்கா நிற்பது கடைசி வீட்டில்தான், ஆனாலும் அம்மா பிறந்த இடத்திலிருந்தே தொடங்குவோம் என்று தென்காசியில் அறை எடுத்துத் தங்கினேன். ஆடி மாதம், சீசன் நேரம், மழையென்றும் சொல்ல முடியாமல் வெயிலென்றும் சொல்ல முடியாமல் சாரல் முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

வடகரையில் அம்மா பிறந்த வீடு இருந்த இடத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர், "இங்கன வீடா? எங்க அப்பா காலத்துலயே தோப்புதான்" என்றார். அவருக்கே எழுபது இருக்கும். நான் ஒரு இளநீர் குடித்துவிட்டு வந்தேன். அம்மா பிறந்த இடத்தில் வயிறு நிறைய ஏதாவது உள்ளே போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

குற்றாலத்தில் அப்பாவைப் பெற்ற தாத்தா அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்த்தார். சீசன் நாலு மாதம் எண்ணெய், மிச்ச மாதங்கள் மரக்கடையில் சுமை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் எல்லாம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரே கூரைக்குக் கீழ் தட்டி அடைத்து வரிசையாகக் குடியிருந்தார்களாம். இப்போது அங்கே ஒரு லாட்ஜின் வண்டி நிறுத்துகிற இடம். வேன்களிலிருந்து இறங்கியவர்கள் குடும்பம் குடும்பமாக ஈரத் துண்டோடு நடந்தார்கள். ஒருத்தி என்னிடம் ஓடி வந்து போனை நீட்டி, "ஆன்ட்டி, எங்க எல்லாரையும் சேத்து ஒரு போட்டோ எடுங்களேன்" என்றாள். பதினாலு பேர். நகருங்கள், ஒட்டி நில்லுங்கள் என்று அதட்டி எடுத்துக் கொடுத்தேன். அருவிப் பக்கம் போனேன், குளிக்கவில்லை. தனியாகப் போனால் துணியையும் பையையும் யார் பார்த்துக்கொள்வது? ஒரு நேந்திரம் சிப்ஸ் பொட்டலம் வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

மிச்சம் தென்காசி வளவு. வளவு என்றால் ஒரு வாசல், உள்ளே வரிசையாக ஒட்டிக்கொண்டு வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். ஒரு அறையும் அடுப்படியும்தான் வீடு. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் நூறு வயசு என்பார்கள். அம்மா அந்த வளவின் பெயரை மரக்கடை வளவு என்று சொல்வாள். மரம் அறுக்கிற மில்லை ஒட்டிய எல்லா வளவையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவள் சொன்னதில் ரெண்டு அடையாளம் கெட்டியாக இருந்தது. எட்டு வீடும் ஒரே வரிசை. கிணற்றடியில் ஒரு கல்தொட்டி, அதன் ஒரு மூலை உடைந்திருக்கும். வீடு, மூணாவது வீடு.

முதல் வளவில் நுழைந்ததும் ஒரு பெண் உள்ளே போய் ஆதார் கார்டு, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஓட்டர் லிஸ்ட்டுக்குத்தான வந்திருக்கிய? எங்க மாமியா பேர எடுத்துருங்க, அவ போய் ரெண்டு வருஷமாச்சு" என்றாள். நான் அதற்கு வரவில்லை என்றதும் அவள் முகம் வாடியது. ரெண்டாவது வளவில் ஒரு அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாகம் கேட்டு வந்திருக்கியளோ?" என்றார். "சொத்து இருந்தால் தாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அங்கே கிணறே இல்லை, தூர்த்து மேலே மோட்டார் பைக் நிறுத்தியிருந்தார்கள்.

மூன்றாவது வளவின் வாசலில் கால் வைத்ததும் மில்லில் மரம் அறுக்கிற சத்தம் காதில் விழுந்தது. எட்டு வீடு, ஒரே வரிசை. கடைசியில் கம்பி வலை போட்டு மூடிய கிணறு. அதன் பக்கத்தில் கல்தொட்டி. ஓடாத குறையாகப் போய்ப் பார்த்தேன், ஒரு மூலை உடைந்திருந்தது. அந்த உடைசலில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அம்மாவைத் தொட்ட மாதிரி இருந்தது. உடனே அழுதுவிடுவேனோ என்று எனக்கே என் மேல் கோபம் வந்து, விறுவிறுவென்று வாசலுக்குத் திரும்பி வந்து ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணினேன்.

மூன்றாவது வீட்டில் இருந்தவர் ஒரு பரோட்டாக் கடை மாஸ்டர். முப்பது வயதிருக்கும், தனி ஆள். கைலியும் தூக்கக் கலக்கமுமாக வந்து கதவைத் திறந்தார். நான் எங்கள் கதையைச் சொல்லச் சொல்ல அவர் கொட்டாவி விட்டார். கடைசியில், "சுவத்துலதான கும்பிடணும்? கும்பிட்டுக்கோங்க. சீக்கிரம் முடிச்சிருங்கம்மா, டூட்டிக்குப் போகணும்" என்று பாயைச் சுருட்டி எனக்கு இடம் விட்டார். சுவரில் பச்சைப் பெயின்ட், புதிதாக அடித்தது. பொட்டு இருந்த அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. எத்தனை தரம் வெள்ளை அடித்திருப்பார்கள், எப்படித் தெரியும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்து வைத்துச் சூடம் கொளுத்தினேன். அக்கா பெயரைச் சொல்லி முதல் தரம் கூப்பிடும்போதே குரல் உடைந்துவிட்டது. நம்பர் கேட்டு நம்பர் கேட்டு முப்பது வருஷம் ஊர் முழுக்கப் பேசிய குரல் அது. ரெண்டாவது தரம், மூன்றாவது தரம். "வா. அம்மா இல்லை. நான்தான் இருக்கேன். நான் அழுததாலதான் உன்னை விட்டுட்டுப் போனாங்க. வந்திரு" என்று என்னென்னவோ சொல்லி அழுதேன். பரோட்டா மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டே வாசலில் போய் நின்றுகொண்டார். பெட்டியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். இனி திரும்பிப் பார்க்கக்கூடாது.

வளவு வாசலைத் தாண்டினேன். பின்னால் யாரோ ஒருத்தி, "யம்மா! யம்மோவ்!" என்றாள். நான் திரும்பவில்லை. மில்லைத் தாண்டினேன். "பெட்டிக்கார யம்மா! நில்லுங்க!" நான் வேகத்தைக் கூட்டினேன். இந்த வயதில் எனக்கு அவ்வளவு வேகம் வரும் என்று எனக்கே தெரியாது. எதை விட்டுவிட்டு வந்தாலும் சரி, குடையோ பர்ஸோ, எவளாவது வைத்துக்கொள்ளட்டும். எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார்கள். டீக்கடையில் ஒருவர், "ஆச்சி, கூப்பிடுதாங்க பாருங்க" என்று எனக்கு உதவி செய்தார். "தெரியும், வேலையைப் பாருங்கள்" என்றேன். கடைசியில் அவள் ரோட்டைச் சுற்றி ஓடி வந்து என் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது. விரலில் புகையிலைக் கறை. இடுப்பில் பீடி இலை வெட்டுகிற கத்தரிக்கோலைச் செருகியிருந்தாள். மூச்சு வாங்கியது.

"காது கேக்காதா யம்மா உங்களுக்கு?"

"நல்லாக் கேக்கும். திரும்பிப் பாக்கக்கூடாது."

"அது என்னமோ யம்மா, அதான் முன்னால வந்து நிக்கேன். கன்னியக் கூட்டிட்டுப் போறியளாம்லா? பரோட்டாக்காரத் தம்பி சொன்னான், ஒரு அம்மா வந்து சுவத்துக்கிட்ட அழுதுட்டுப் போறாங்கன்னு. அவ அந்த வீட்டுல இல்லம்மா. எங்க வீட்டுலல்லா இருக்கா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூணாவது வீடு என்றுதான் அம்மா சொன்னாள் என்றேன்.

"எங்கயிருந்து மூணாவது?"

"வாசலில் இருந்து."

"ஆத்தாடி! ஆம்பளைய எண்ணுத எண்ணுல்லா அது. வேலை முடிஞ்சு வாசல் வழியா வருவாங்க, வாசல்ல இருந்து எண்ணுவாங்க. பொம்பளைய கிணத்துல இருந்துதான் எண்ணுவோம். குடத்த இடுப்புல வச்சிட்டு எத்தனாவது வீட்டுல இறக்கணுங்கிறதுதான எங்களுக்குக் கணக்கு? கிணத்துல இருந்து மூணாவது எங்க வீடு."

அறுபது வருஷம் பேசித் தீர்த்த அம்மாவிடம், எங்கிருந்து மூன்றாவது என்று ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருப்பதாகத் தலையை ஆட்டிவிட்டு டிவி பார்த்திருப்பேன். பரோட்டா மாஸ்டரின் வெறும் சுவரை அழுது அழுது கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அவள் பெட்டியைத் தொடாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க. இப்பத் திரும்பிப் பாக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அவள் வீட்டுக் கதவுக்கு மேலே ஒரு சிலுவை. உள்ளே சுளகில் பாதி சுற்றிய பீடியும் இலையும் அப்படியே கிடந்தன. அம்மாவும் இந்த அறையில்தான் பீடி சுற்றினாள். அடுப்படிக்குப் போகிற சுவரில், முழங்கால் உயரத்தில், கையகல இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. விட்ட இடத்தில் பழைய சுண்ணாம்பு. அதில் மூன்று பொட்டு, கறுத்துப்போய், ஆனால் மூன்றும் இருந்தன. அம்மா விரலால் வைத்தது. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"நாங்க வேதக்காரங்க" என்றாள் அவள், ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே. "சாமியா கும்பிட மாட்டோம். நாங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. முன்ன இருந்த அக்கா சாவியக் குடுக்கும்போது, இங்கன ஒரு பிள்ள இருக்கா, ஆறு வயசு, யாரு பெத்த பிள்ளையோ, வருஷத்துக்கு ஒரு உடுப்பு எடுத்துரு, வெள்ளை அடிக்கும்போது இந்த இடத்த விட்டுருன்னு சொல்லிட்டுப் போனா. அவளுக்கும் அவளுக்கு முன்ன இருந்தவ அப்படித்தான் சொன்னாளாம். நமக்குக் கும்பிடுத வழக்கம் இல்ல. அதுக்காகப் பிள்ளைக்கு உடுப்பு எடுக்காம எப்படி இருக்க? கிறிஸ்மஸுக்கு எங்க பிள்ளைக்கு எடுக்கும்போது இவளுக்கும் சேத்து எடுத்துருவேன். சுவத்துல வச்சு அளவு பாத்துட்டு, பொறவு கோயிலுக்கு வாற ஏதாவது ஒரு பிள்ளைக்குக் குடுத்துருவோம்."

நான் பெட்டியைத் திறந்து பாவாடையைக் காட்டினேன். அவள் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இது அவளுக்குப் பத்தாதேம்மா" என்றாள்.

"என்ன பத்தாது? ஆறு வயசுப் பிள்ளைக்கு அளவான பாவாடை."

"நாங்க வரும்போது ஆறு. இப்பப் பதினேழுல்லா? போன கிறிஸ்மஸுக்குச் சுடிதார் எடுத்தோம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கன்னிக்கு வயது ஏறுமா? எந்த ஊர் வழக்கம் இது? எங்கள் வீட்டில் அறுபது வருஷமாக அவளுக்கு ஆறு வயது. "செத்த பிள்ளைக்கு வயசு கூடாதும்மா. அது தெரியாதா உனக்கு?" என்று அதட்டினேன்.

அவள் கோபப்படவில்லை. "எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றாள். "வந்த வருஷம் எங்க மவளுக்கும் ஆறு வயசு. ரெண்டு பேருக்கும் ஒரே கடையில ஒரே அளவுல எடுத்தேன். மறு வருஷம் எங்க மவளுக்கு அளவு கூடிச்சு. வீட்டுல ரெண்டு பிள்ளைய இருக்கையில ஒருத்திக்கு மட்டும் அதே அளவுல எடுக்க எனக்கு மனசு வரல."

கொடியில் ஒரு ஊதா நிறச் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது. அவள் மகளுடையது. காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாளாம். அதே துணியில்தான் அக்காவுக்கும் எடுத்திருக்கிறார்கள். சுவரில் பென்சில் கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப் போயிருந்தன, வருஷத்துக்கு ஒன்று, உடுப்பின் தோள் எங்கே வருகிறது என்று பார்த்துப் போட்டது. பொட்டுக்கு மேலே என் இடுப்பளவில் தொடங்கிய கோடு என் தோளுக்கு ஒரு விரல் மேலே வந்திருந்தது. நான் எழுந்து அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். அக்கா என்னைவிட ஒரு விரல் உயரம். அம்மா இருந்து இதைப் பார்த்திருக்கக்கூடாதா என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். யாரோ ஒருத்தி என் முகத்தைத் தொட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

காபி குடித்த பிறகு அவள் சொன்னாள். வளவை இடிக்கப்போகிறார்கள். கடைகள் கட்டப்போகிறார்களாம், தைக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். இவர்கள் ஆய்க்குடி பக்கம் வீடு பார்த்திருக்கிறார்கள். "இவள எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தோம். எங்க மவ, அவளத் தெருவுல விட்டுட்டு நான் வரமாட்டேன்னுட்டா. நல்லவேளை, நீங்க வந்துட்டிய. நீங்கதான் ரத்தம். கூப்பிடுங்க, நான் வெளிய நிக்கேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அறையில் நானும் அந்தச் சுவரும்.

சூடம் இன்னும் ஒரு கட்டி இருந்தது. தீப்பெட்டியை எடுத்தேன். பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூன்று தரம் சொன்னால் போதும், வந்துவிடுவாள், மதுரையில் ரெண்டு பேர். ரெண்டு தம்ளர் காபி வேண்டாம், ஆனால் வீட்டில் ஆள் இருக்கும். அம்மா சொன்ன வேலை முடியும். நான் எவ்வளவு ஆசையோடு வந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கொடியில் அந்தச் சுடிதார். வெளியே அவள் போனில் மகளிடம், "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா ஏட்டி, வாடினத வாங்கிட்டு வந்திராத" என்று கத்திக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்கா மறுபடியும் ஆறு வயதாகிவிடுவாள். நான் வருஷா வருஷம் அதே அளவில் பாவாடை வாங்குவேன். நான் போன பிறகு பெட்டியை எடுக்க ஆள் கிடையாது, குப்பைக்காரர்தான் எடுப்பார். இங்கே அவளுக்கு அடுத்த வருஷம் பதினெட்டு. கூடவே ஒரு பிள்ளை வளர்கிறாள். கூப்பிட்டால் வருவாள், எனக்குத் தெரியும். கூப்பிடுகிறவர்கள் பின்னால் வருகிற பிள்ளைதான் அவள். அதனால்தான் என்னால் கூப்பிட முடியவில்லை.

தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"முடிஞ்சுதாக்கா?" என்றாள். முதல் தடவையாக அக்கா என்றாள்.

"இல்லை. உங்க கூடவே வரட்டும்" என்றேன். குரலைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, டிரங்க் காலில் நம்பர் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன். "சாமான் எல்லாத்தையும் ஏத்தின பிறகு, கடைசியா வந்து, இந்தச் சுவர் முன்னால நின்னு பேர் சொல்லி மூணு தரம் கூப்பிடணும். பிறகு திரும்பிப் பாக்காம நடக்கணும். யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும். மறந்திராதே."

"ஜெபம் பண்ணிட்டுக் கூப்பிடலாமாக்கா?"

"எப்படி வேணும்னாலும் கூப்பிடு. கூப்பிட்டால் போதும்."

"அவ பேரு என்ன? நாங்க பாப்பான்னுதான் சொல்லுதோம்."

இந்த உலகத்தில் அந்தப் பெயர் தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னேன். அவள் உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள், பிறகு சத்தமாக ஒரு தரம். எங்கள் வீட்டு ஆட்கள் தவிர இன்னொருவர் வாயில் அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். பெட்டியிலிருந்து கண்ணாடியையும் சீப்பையும் எடுத்துச் சுவரோரம் வைத்தேன், பதினேழு வயதுக்காரிக்கு வேண்டியிருக்கும். வளையலும் பாவாடையும் சட்டையும் கோயிலுக்கு வருகிற ஏதாவது ஒரு பிள்ளைக்கு என்று அவள் கையில் கொடுத்தேன். "மவ வந்துருவா, இருந்து பாத்துட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். மதுரைக்கு அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு, அது அவளுக்கும் தெரியும். அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டால் நான் மனசு மாறிவிடுவேன்.

காலிப் பெட்டியை இடுக்கிக்கொண்டு வளவில் நடந்தேன். கிணற்றிலிருந்து நாலாவது வீடு, ஐந்தாவது வீடு. பரோட்டா மாஸ்டரின் கதவு பூட்டியிருந்தது. சாரல் மறுபடியும் பிடித்துக்கொண்டது. நான் அவளைக் கூப்பிடவில்லை, என் பின்னால் யாரும் வரவில்லை. அதனால் எத்தனை தரம் வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம். வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.